14 பெரிய பேனலோடு ஒரு சின்ன பேனலைச் சேர்க்கலாமா?

கேள்வி: 5 எச்.பி. சோலார் பம்ப்செட் ஓட்டுகிறேன். 335 வாட்ஸ் பேனல் 15. போன வாரம் தென்னை மட்டை விழுந்து ஒன்றின் கண்ணாடி நொறுங்கிவிட்டது. மாட்டுக்கொட்டகை பேட்டரிக்கு வாங்கிய 100 வாட்ஸ் பேனல் சும்மா கிடக்கிறது. அதை அந்த இடத்தில் போடலாமா? சீரிஸா, பேரலலா?

பதில்: இரண்டுமே வேண்டாம் ஐயா.

உங்கள் 15 பேனலும் சீரிஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, இருக்கும். ஒன்றுக்குச் சுமார் 38 வோல்ட். எல்லாம் கூடி 570 வோல்ட். ஆம்பியர் மட்டும் ஏறாது, கடைசி வரை 8.8தான். மூன்று அங்குலக் குழாய் வரிசையில் ஓர் இடத்தில் ஒன்றரை அங்குலம் செருகினால் தண்ணீர் என்னாகும்? அதே கதைதான். 100 வாட்ஸ் பேனல் தருவது 5.5 ஆம்பியர். அதைச் சேர்த்தால் மற்ற 14-ம் அந்த அளவுக்குக் குறுகி, மொத்தம் 3,000 வாட்ஸ் பக்கம் நின்றுவிடலாம். அது இல்லாமல் 14 மட்டும் ஓடினால் நல்ல வெயிலில் 4,690 வரை வரும். சேர்ப்பதால் நஷ்டம்!

பேரலலில், அதாவது பக்கத்தில் பக்கமாக இணைத்தால், ஆம்பியர் ஏறும். ஆனால் இரு பக்கமும் வோல்ட் ஒன்றாக இருக்க வேண்டும். 18 வோல்ட் பேனலை 530 வோல்ட் வரிசையோடு கோத்தால் கரண்ட் அதற்குள் திரும்பிப் பாயும். மோட்டார் நிற்கும், பேனல் கருகும்.

இப்போதைக்கு உடைந்ததை எடுத்துவிட்டு 14-ஐ நேராகக் கோத்து ஓட்டுங்கள். 532 வோல்ட் வரும். மோட்டாரை ஓட்டும் கண்ட்ரோலர் பெட்டியில் ஒட்டியிருக்கும் குறைந்தபட்ச வோல்ட் இதற்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் மோட்டார் கொஞ்சம் தாமதமாக எடுக்கும், அவ்வளவுதான். கண்ணாடி நொறுங்கியதுதானே என்று அப்படியே விட்டுவிடாதீர்கள். அதிலும் கரண்ட் உண்டு. மழை ஈரம் இறங்கினால் ஸ்டாண்டைத் தொடுகிறவருக்கு ஷாக்.

கழற்றும் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள், அதுவும் இருட்டிய பிறகு. மோட்டார் ஓடும்போது கனெக்டரை உருவினால் பேனல் தரும் டி.சி. கரண்டின் தீப்பொறி வெல்டிங் மாதிரி நின்று எரியும்.

புதிதாக வாங்கும்போது வாட்ஸை மட்டும் பார்க்காதீர்கள். பின்பக்க ஸ்டிக்கரில் ‘ஐ.எம்.பி.’ என்று இருக்கும் ஆம்பியர் 8.8-க்குக் குறையக் கூடாது. மானியத்தில் போட்ட செட் என்றால் பராமரிப்பு, காப்பீட்டுக் காலம் முடிந்துவிட்டதா என்று முதலில் பத்திரத்தைப் பாருங்கள். முடியாதிருந்தால் காசு கொடுக்காமலே மாற்றிக்கொள்ளலாம்.

அந்த மரத்தின் கீழ்மட்டைகளையும் கழித்துவிடுங்கள். பேனலுக்குள் 72 செல்லும் சீரிஸ்தான். ஒரு செல்மேல் ஓலை நிழல் படிந்தாலே அந்தப் பேனலில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.