அம்ப் வாங்கும்போது அளவீட்டை நம்புவதா, காதை நம்புவதா?

திரிபு (ஒலியை அம்ப் உருமாற்றிவிடும் அளவு) 0.001 சதவீதம் என்று அச்சிட்ட புதிய அம்ப் ஒன்றும் 0.1 சதவீதம் உள்ள பழைய அம்ப் ஒன்றும் ஏறக்குறைய ஒரே விலைக்குக் கிடைப்பதாகவும், கடைக்காரர் பழையதுதான் காதுக்கு இனிமை என்று சாதிப்பதாகவும் எழுதி, யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் இந்தப் பெட்டியைப் பாடப்புத்தகம் விரியலாக்கி என்று சொன்னாலும், நானும் அம்ப் என்றே சொல்லிப் பழகியவன். இலங்கை மலையகத்தின் ஹட்டனில் 27 ஆண்டுகளாக அம்பும் வானொலிப் பெட்டியும் திருத்தி, திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறேன். நீங்கள் தேயிலைத் தோட்டத்து வீடொன்றில், 12 அடிக்கு 10 அடி அறையில், தகரக் கூரையின் கீழ் பாட்டுக் கேட்பவர் என்று எண்ணிக்கொண்டே எழுதுகிறேன்.

அந்தக் கடைக்காரர் சொன்னதை நானும் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தேன். என் கடையில் ஒரு பழைய அம்ப் இருந்தது, வருகிறவர்களுக்கெல்லாம் அதைப் புதியதோடு மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டி, "பழையதில் குரல் முன்னால் வந்து நிற்கிறது, பாருங்கள்" என்பேன், எல்லோரும் தலையசைப்பார்கள். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் அக்கா மகன் ஒரு விடுமுறையில் வந்து இதைப் பார்த்தான். எதுவும் பேசாமல் 400 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை இரண்டு அம்புக்கும் கொடுத்து, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை வைத்தான். நான் வழக்கமாகத் திருகிவைக்கும் நிலையில் புதியது 2.0 வோல்ட் காட்டியது, பழையது 2.5 காட்டியது. "மாமா, இது கிட்டத்தட்ட ரெண்டு டெசிபெல் வித்தியாசம். இனிமைன்னு நீங்க சொல்றது இந்தச் சத்தத்தைத்தான்" என்றான்.

எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. இரண்டு டெசிபெல் கூடினால் யாரும் சத்தம் கூடிவிட்டதாகச் சொல்வதில்லை. தெளிவாக இருக்கிறது, நிறைவாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். சத்தம் குறையும்போது நமது காது கீழ்ச்சுரங்களை மற்றவற்றைவிட அதிகமாக இழக்கிறது என்பதை ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933 இலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். அவன் இரண்டையும் ஒரே வோல்டுக்குக் கொண்டுவந்து, தேயிலைக் கொழுந்து கட்டும் சாக்கு ஒன்றைத் திரையாகத் தொங்கவிட்டு, அதன் பின்னால் நாணயத்தைச் சுண்டிப் பார்த்து ஏதாவது ஒன்றை ஓடவிட்டான். ஓடுவது எது என்று நான் 16 தடவை சொன்னேன்; 9 தடவை சரியாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு குருட்டாம்போக்கில் சொன்னாலும் சராசரியாக எட்டு சரியாக வரும். குறைந்தது 12 சரியாகச் சொல்லியிருந்தால் மட்டுமே, அது தற்செயல் அல்ல என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். எது ஓடுகிறது என்று அவனுக்குத் தெரிந்திருந்ததால் இது முறையான ஆய்வுகூடச் சோதனை ஆகாது என்று யாராவது எழுதுவார்கள், ஒப்புக்கொள்கிறேன். எனக்கு வயது 53, அதனால் 12,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்பதில்லை என்றும் சொல்லலாம், அதுவும் உண்மைதான். ஆனால் அதே காதுதான் அதுவரை பழைய அம்பின் புகழைப் பாடியது.

பிறகு வாசித்தபோது, நான் மட்டும் ஏமாந்தவன் அல்ல என்று தெரிந்து சற்று ஆறுதலாக இருந்தது. ஒலி ஆய்வாளர்களான ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994 இல் வெளியிட்ட சோதனையில், ஒலிக்கருவிகள் தயாரிக்கும் ஹார்மன் நிறுவன ஊழியர்களே ஸ்பீக்கர் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு கேட்டபோது ஒரு விதமாகவும், திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோது வேறு விதமாகவும் புள்ளி கொடுத்திருக்கிறார்கள்.

அளவீடே போதும் என்று வாதிடுகிறவர்கள் இந்த இடத்தில் மகிழ்ந்து வாசிப்பை நிறுத்திவிட வேண்டாம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பண்டாரவளையிலிருந்து தமது அம்பைக் கொண்டுவந்தார். இரவு எல்லோரும் உறங்கிய பிறகு, பழைய வானொலி நிகழ்ச்சிகளின் ஒலிப்பதிவுகளை மெல்லிய சத்தத்தில் கேட்பது அவர் வழக்கம்; அப்போது மட்டும் குரலில் மணல் உரசுவதுபோல ஒரு கரகரப்பு இருப்பதாகச் சொன்னார். நான் ஸ்பீக்கருக்குப் பதிலாக 8 ஓம் தடையைப் பூட்டி, 20 வாட் வரை ஏற்றி, மின்னலையின் வடிவத்தைத் திரையில் காட்டும் அலைவுகாட்டியில் அலை கண்ணாடிபோல் இருப்பதைக் காட்டி, "டீச்சர், இதில் ஒரு குறையுமில்லை" என்று அனுப்பிவைத்தேன். சாக்குத் திரைப் பாடத்தைப் படித்து முடித்த கர்வம் எனக்கு. மூன்று வாரத்தில் அவர் மறுபடி வந்தார். எரிந்து விழவில்லை, "தம்பி, நான் கேக்கிற சத்தத்தில வச்சுப் பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

பத்தில் ஒரு வாட்டுக்குக் குறைத்துப் பார்த்தபோது, அலை மேலிருந்து கீழே போகும் வழியில் பூச்சியக் கோட்டைத் தாண்டும் இடத்தில் ஒரு சிறு படி தெரிந்தது. அலையின் மேற்பாதியை ஒரு ட்ரான்சிஸ்டரும் கீழ்ப்பாதியை இன்னொன்றும் சுமக்கின்றன; ஒன்று விடும் வேலையை மற்றது எடுத்துக்கொள்ளும் இடம் அது. இரண்டுக்கும் எப்போதும் ஓடவேண்டிய சிறு மின்னோட்டத்தைத் தீர்மானிக்கும் திருகில் மூடுபனியின் ஈரம் ஏறிப் பாசி பிடித்திருந்தது; அதனால் அந்த ஓட்டம் ஏறக்குறைய இல்லாமலே போயிருந்தது. பெரிய சத்தத்தில் அந்தப் படி அலைக்குள் மறைந்துவிடும், சதவீதத்திலும் சொற்பமாகவே காட்டும். சத்தம் குறையக் குறைய அதன் பங்கு பெருகும். பெட்டிமேல் அச்சிடப்படும் திரிபுக் கணக்கு பெரும்பாலும் முழு வலுவுக்கு அருகில் எடுத்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், உங்கள் 0.001 என்ற எண்ணை எப்படி வாசிப்பது என்பது விளங்கும். ஆசிரியையின் காது சரியாகத்தான் சொல்லியிருந்தது. நான்தான் அவர் ஒருபோதும் கேட்காத சத்தத்தில் அளந்திருந்தேன்.

அளவு என்றதும் எங்கள் ஆட்கள் முகம் சுளிப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. என் அம்மா தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். கூடையின் பாரத்தை முதுகிலேயே அறிந்து எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவார்; தராசுக்குப் போனால் சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கழித்து வேறொரு எண்ணைத் துண்டில் எழுதுவார்கள். தராசின் முள் பொய் சொன்னதில்லை. அதை வாசித்து எழுதியவரின் பேனாதான் சொன்னது. ஸ்பீக்கர் பெட்டியின் முன்பக்கம் "3000 வாட் பி.எம்.பி.ஓ." (கணநேர உச்ச வலு என்று விளம்பரத்துக்குப் போடும் எண்) என்றும் பின்பக்கம் மின்சாரச் செலவு 45 வாட் என்றும் அச்சிட்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் துண்டுதான் ஞாபகம் வருகிறது. 45 வாட்டை உள்ளே எடுக்கும் பெட்டி தொடர்ந்து வெளியே விடுவது அதற்கும் குறைவாகத்தான் இருக்கும்.

அதே தேயிலைக்குக் கொழும்பு ஏலத்தில் கிடைக்கும் விலையோ நாக்கைப் பொறுத்தது. ஆனால் அந்த நாக்கை யாரும் கட்டின்றி விடுவதில்லை. ஐ.எஸ்.ஓ. 3103 என்ற சர்வதேச நியமம் 100 மில்லிலீட்டர் கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம், வெள்ளைப் பீங்கான் என்று எல்லாவற்றையும் சமப்படுத்திவிட்டுத்தான் சுவைக்கச் சொல்கிறது. ஒரு கோப்பையில் மட்டும் தூளைக் கூட்டிப் போட்டுவிட்டு இதுதான் திறமான தேயிலை என்றால் தேயிலை தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். நான் அம்பில் செய்துகொண்டிருந்தது அதைத்தான்.

உங்கள் விடயத்துக்கு வருகிறேன். இரண்டு அம்பும் பழுதில்லாதவை என்றால், சத்தத்தைச் சமப்படுத்திய பிறகு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க நீங்கள் மிகவும் சிரமப்படுவீர்கள் என்பது என் எண்ணம். ட்ரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்கள் உள்ள வால்வு அம்பின் ரசிகர்கள் சண்டைக்கு வரவேண்டாம். அவற்றின் திரிபு சிலவேளைகளில் காதில் விழும் அளவுக்கே இருக்கும், அதை விரும்புவது அவரவர் உரிமை. பழையதைத்தான் எடுப்பதென்றால், கடையில் அலற விட்டுப் பார்க்காமல், இரவில் நீங்கள் கேட்கும் சத்தத்துக்குக் குறைத்து, தனிக் குரல் ஒன்றைப் போட்டுக் கேளுங்கள். கையில் பணம் மிஞ்சினால் அதை ஸ்பீக்கருக்கு வையுங்கள். அங்கே வித்தியாசங்கள் திரை போட்டாலும் மறையாத அளவுக்குப் பெரியவை. 12 அடி நீள அறை 47 ஹெர்ட்ஸ் அருகிலும், 10 அடி அகலம் 56 ஹெர்ட்ஸ் அருகிலும் தானாகவே முழங்கும் என்பதால், எந்த அம்ப் வாங்கினாலும் பெட்டியை மூலையில் ஒட்டிவைத்தால் தவில் குடத்துக்குள் அடிப்பதுபோலத்தான் கேட்கும். இப்போது இருக்கும் பெட்டியைச் சுவரிலிருந்து இரண்டு முழம் முன்னால் இழுத்து வைத்து, ஒரு வாரம் கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள்.