ஏழு கிலோவுக்குள் எதையெல்லாம் அடக்கலாம்?

பெட்டி வாங்கும்போது ‘கேபின் சைஸ், 55 செ.மீ.’ என்று அட்டையில் போட்டிருந்தது. விமான நிலையத்தில் அளவுக் கூண்டுக்குள் நுழையவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகர், திருச்சி

ஏமாற்று என்று சொல்ல முடியாது, அளந்த விதம் வேறு. பல கம்பெனிகள் பெட்டியின் உடம்பை மட்டும் அளந்து அட்டையில் எழுதுகின்றன. விமான நிறுவனமோ சக்கரம், கைப்பிடி, பக்கவாட்டுப் பிடி என எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கும். சக்கரமே 4 அல்லது 5 செ.மீ. உயரத்தைத் தின்றுவிடும். கடைக்கே டேப் கொண்டு போய், பெட்டியை நிறுத்தி, தரையிலிருந்து மடக்கிய கைப்பிடியின் உச்சி வரை அளந்து வாங்குங்கள்.

இந்திய உள்நாட்டு விமானங்களில் எகானமி பயணிக்கு ஒரு கைப்பெட்டி, 7 கிலோ, நீளம் அகலம் உயரம் மூன்றும் சேர்ந்து 115 செ.மீ. இண்டிகோ இதை 55 x 35 x 25 என்று பிரிக்கிறது. கூட்டுத்தொகை சரியாக இருந்தாலும் ஒரு பக்கம் மீறினால் கூண்டு விடாது. துணிப் பெட்டிக்காரர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். முன்பக்க ஜிப் அறையில் நான்கு சாமானைத் திணித்தால் 25 என்பது 29 ஆகிவிடும். அந்த அறையில் பேப்பரைத் தவிர வேறெதுவும் வைக்காதீர்கள்.

நான்கு நாள் அலுவலகப் பயணம். எவ்வளவு குறைத்தாலும் 8 கிலோவுக்குக் கீழே வரவில்லை. எதை விடுவது?
– வாசகர், கோவை

துணியில் கை வைக்கும் முன் காலிப் பெட்டியை எடை போடுங்கள். சாதாரண டிராலி காலியாகவே 2½ முதல் 3 கிலோ இருக்கும். உங்கள் 7 கிலோவில் கிட்டத்தட்ட பாதி அங்கேயே காலி! நல்ல முதுகுப்பை 1 கிலோதான். முதுகு ஒத்துழைத்தால் அதற்கு மாறுவதே பெரிய லாபம்.

டிராலியேதான் வேண்டும் என்றால் கணக்கு இப்படி வரும். பெட்டி 2,800 கிராம். அரைக்கை, முழுக்கை கலந்து நாலு சட்டை 900. ஒரு காட்டன் பேன்ட் 450, வேட்டி 250, இரவு உடை 350, உள்ளாடைகள் 400, ஈரிழைத் துண்டு 200, சோப்பு சீப்பு வகையறா 400. மொத்தம் 5,750. இன்னும் ஒன்றேகால் கிலோ கையில் இருக்கிறது. இதே கணக்கில் காட்டன் பேன்டுக்குப் பதில் ஜீன்ஸ், ஈரிழைத் துண்டுக்குப் பதில் டர்க்கி டவல், கூடவே ஒரு ஜோடி ஷூ என்று மாற்றிப் பாருங்கள், 7-ஐத் தாண்டிவிடும். ஷூவையும் ஜீன்ஸையும் போட்டுக்கொண்டு கிளம்புங்கள், செருப்பைப் பெட்டியில் வையுங்கள்.

லேப்டாப்பை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. இண்டிகோவில் கைப்பெட்டி தவிர, 3 கிலோ வரை ஒரு லேப்டாப் பையோ பெண்களின் கைப்பையோ தனியாகக் கொண்டு போகலாம். ஏர் ஏஷியாவில் அப்படி இல்லை, இரண்டு பையும் சேர்ந்தே 7 கிலோ. ஸ்கூட்டில் எகானமிக்கு இரண்டும் சேர்த்து 10. போகும்போது ஒரு நிறுவனம், வரும்போது வேறொன்று என்றால் குறைவான அளவுக்கே கட்டுங்கள்.

துணியைச் சுருட்டி வைப்பதும் காற்றை உறிஞ்சும் கவரும் இடத்தைத்தான் மிச்சப்படுத்தும், எடையை அல்ல. பெட்டியில் இடம் இருக்கிறதே என்று இன்னும் நாலு உருப்படி சேர்ப்பதால்தான் அந்த எட்டாவது கிலோ வருகிறது.

வீட்டில் எடை பார்க்க: எடை மெஷினில் முதலில் நீங்கள் மட்டும் ஏறுங்கள், பிறகு பெட்டியுடன் ஏறுங்கள், கழியுங்கள். தராசுக்குத் தராசு வித்தியாசம் இருக்கும் என்பதால் 6½ கிலோவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கு இட்லிப் பொடி, மாங்காய்த் தொக்கு, நெய், கறிவேப்பிலை கொண்டுபோக ஆசை. கையிலேயே எடுத்துப் போகலாமா?
– வாசகி, மதுரை

முதல் மூன்றும் செக்-இன் பெட்டிக்குப் போகட்டும், கறிவேப்பிலை வீட்டிலேயே இருக்கட்டும்.

சர்வதேசப் பயணத்தில் திரவம், குழம்பு, களிம்பு வகைகளை 100 மி.லி. டப்பாவில்தான் கையில் கொண்டுபோக முடியும். எல்லா டப்பாக்களும் ஒரே ஒரு லிட்டர் கண்ணாடிக் கவருக்குள் அடங்க வேண்டும். பார்ப்பது டப்பாவின் கொள்ளளவை. 200 மி.லி. பாட்டிலின் அடியில் கொஞ்சம் நெய்தான் ஒட்டியிருக்கிறது என்றாலும் எடுத்துப் போட்டுவிடுவார்கள். தொக்கு, சட்னி, தயிர் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். முறுக்கு, அதிரசத்துக்குச் சிக்கல் இல்லை.

மிளகாய்த்தூளுக்கு இந்திய விமான நிலையங்களில் கைப்பெட்டியில் அனுமதி இல்லை. மிளகாய் ஊறுகாய்க்கும் அப்படியே. இட்லிப் பொடியில் மிளகாய் இருப்பதால் சோதனைக்காரர் ஒரு மாதிரி பார்க்கலாம். அமெரிக்கா செல்லும் விமானங்களில் 350 மி.லி.க்கு மேற்பட்ட எந்தப் பொடிக்கும் கூடுதல் சோதனை உண்டு.

பச்சைக் கறிவேப்பிலையை அங்கே இறங்கியதும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைத் தாக்கும் பூச்சி அந்த இலையில் தொற்றிக்கொண்டு வரும் என்பதுதான் காரணம்.

கொப்பரைத் தேங்காயும் பட்டியலில் இருந்தால் எடுத்துவிடுங்கள். எண்ணெய்ப் பசையால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் பொருள் அது. கையிலும் கூடாது, செக்-இன்னிலும் கூடாது.

பவர் பேங்க் செக்-இன் பெட்டியில் போடலாமா? என்னுடையது 20,000 எம்.ஏ.எச்.
– வாசகர், சேலம்

கூடாது, கைப்பையில் மட்டும்தான். லித்தியம் பேட்டரி சரக்கு அறையில் புகைந்தால் உடனே கையை வைத்து அணைக்க ஆள் கிடையாது. வரம்பு 100 வாட்-அவர். எம்.ஏ.எச்.-ஐ 1,000-ஆல் வகுத்து 3.7-ஆல் பெருக்குங்கள்: உங்களுடையது 74, தாராளமாகப் போகலாம். 30,000 என்றால் 111, விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். மேலே எழுத்து அழிந்துபோன பவர் பேங்க் பறிமுதலாக வாய்ப்பு அதிகம்.

உங்கள் ஊருக்கு வரும் சிறிய ஏ.டி.ஆர். விமானத்தில் மேல்தட்டு குறுகலானது. பெட்டியைப் படிக்கட்டருகே வாங்கி சரக்கு அறையில் போடுவது வழக்கம். அதைக் கொடுக்கும் முன் பவர் பேங்க், மருந்து, நகை மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் தேட வேண்டாமே, மூன்றையும் முன்கூட்டியே ஒரு சிறிய துணிப் பையில் போட்டு மேலாக வைத்துவிடுங்கள்.

இன்சுலின் பயன்படுத்துகிறேன். 100 மி.லி. விதி அதற்கும் உண்டா?
– வாசகி, நாகர்கோவில்

மருந்துக்கு விலக்கு உண்டு. மருத்துவர் சீட்டில் உள்ள பெயரும் டிக்கெட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும், மருந்தை அதன் அசல் அட்டைப் பெட்டியோடு வையுங்கள். சோதனையில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். செக்-இன்னில் மட்டும் போட்டுவிடாதீர்கள். பெட்டி வர ஒரு நாள் தாமதமாகலாம் என்பது ஒருபுறம், சரக்கு அறைக் குளிரில் உறைந்துபோன இன்சுலின் திரும்ப உருகினாலும் பயன்படாது என்பது இன்னொருபுறம். கைப்பையிலும் ஐஸ் பேக்கை நேரடியாக ஒட்டி வைக்காமல், இடையில் ஒரு துணி சுற்றி வையுங்கள்.