லைட் அடிச்சா 'நில்லு'ன்னு அர்த்தமா, 'வா'ன்னு அர்த்தமா?

நாங்குநேரியில இருந்து இங்கிலாந்து வந்து மூணு மாசம் ஆன தம்பி ஒருத்தர் கேட்டிருக்கார். மனைவிக்கு ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலை. ஆறு வயசுப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல கொண்டு விடுறது இவர் பொறுப்பு.

"அண்ணாச்சி, திருநெல்வேலி ஜங்ஷன்லயே எட்டு வருஷம் பயமில்லாம கார் ஓட்டினவன் நான். இங்க ரோடு காலியாக் கெடக்கு, ஆனா கை நடுங்குது. எதிர்ல வர்றவன் லைட் அடிக்கான், நிக்கவா போகவான்னு தெரியல. ரவுண்டானாவுல பின்னாடி உள்ளவன் ஹாரன் அடிக்கான். பிள்ளையோட நடந்தா கார்க்காரங்க நிப்பாட்டுதாங்க, நாங்க போறதா வேண்டாமான்னு முழிக்கோம். நம்ம லைசென்ஸை இங்க மாத்திக் குடுப்பாங்களா?"

தம்பி, உங்க கைப்பழக்கத்துல ஒரு குறையும் இல்லை. இங்கயும் ஸ்டியரிங் வலது பக்கம், ஓட்டம் இடது பக்கம். கனடாவுக்கோ ஜெர்மனிக்கோ போறவங்க படுற பாட்டுல பாதி உங்களுக்குக் கிடையாது. இடிக்கிற இடம் வேற. நம்ம ஊர்ல யாரு முதல்ல போறதுங்கிறதை அந்தந்த நொடியில வண்டிக்காரங்களே பேசி முடிச்சுக்கிறாங்க. ஹாரன், லைட், கை, கண்ணு, கொஞ்சம் மூக்கை நுழைச்சுப் பார்க்கிறது, எல்லாமே அந்தப் பேச்சுதான். இங்க அந்தப் பேச்சு ரோட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும்போதே முடிஞ்சு போச்சு. யாரு நிக்கணும், யாரு போகணும்னு கோடும் பலகையும் முன்னாடியே சொல்லியாச்சு. நீங்க அதை மறுபடி பேச ஆரம்பிக்கும்போதுதான் எதிராளி குழம்புறார்.

லைட்டுல இருந்து ஆரம்பிப்போம், ஏன்னா ஆபத்து இதுலதான் அதிகம். ஊர்ல எதிர்ல வர்றவர் ஹைபீம் அடிச்சா, "நான் வாரேன், நீ நில்லு." இங்க அநேகம் பேர் அடிக்கிறது "நான் நிக்கேன், நீங்க போங்க"ன்னு சொல்ல. நேர் தலைகீழ். ஆனா இந்த நாட்டு ஹைவே கோடு, அதாவது சாலை விதிப் புத்தகம், ரெண்டையும் ஒத்துக்கலை. 110, 111-ஆம் விதிகளைப் படிங்க. 'நான் இங்க இருக்கேன்'னு தெரிவிக்க மட்டும்தான் லைட் அடிக்கலாம். அடுத்தவர் அடிச்சதை 'வா'ன்னு எடுத்துக்கிட்டுக் கிளம்பக் கூடாது. காரணம் இருக்கு. அவர் உங்களுக்கு அடிச்சாரா, உங்க பின்னாடி நடந்து வர்ற ஆளுக்கு அடிச்சாரா, பள்ளத்துல ஏறி இறங்கினதுல வெளிச்சம் துள்ளிச்சான்னு உங்களுக்குத் தெரியாது. அவர் நின்னாலும், அவருக்குப் பக்கத்துல வர்ற சைக்கிள்காரர் நிக்கணும்னு கட்டாயமில்லை. கிளை ரோட்டுல இருந்து அதை நம்பி வெளியே வந்து இடிச்சா, தப்பு பெரும்பாலும் வெளியே வந்தவர் தலையிலதான் விழும். அதனால லைட் அடிச்சதைப் பாருங்க, அந்த வண்டி நிஜமாவே நின்னுடுச்சான்னு பாருங்க, ரெண்டு பக்கமும் மறுபடி பாருங்க, அப்புறம் பைய நகருங்க. நீங்களா யாருக்கும் அடிக்காதீங்க. வழி விடணும்னு தோணினா வேகத்தைக் குறைச்சு இடைவெளி விட்டாலே போதும், அவங்க புரிஞ்சுக்குவாங்க.

இதே மாதிரி இன்னும் ரெண்டு ஊர்ப் பழக்கத்தை விமானத்துல ஏறும்போதே விட்டிருக்கணும். ஒண்ணு, நாற்சந்தியில நேராப் போறதுக்கு நாலு இண்டிகேட்டரையும் சேர்த்துப் போடுறது. இங்க நேராப் போறதுக்கு இண்டிகேட்டரே கிடையாது. நாலும் மின்னினா வண்டி பழுதாகி நிக்குன்னுதான் நினைப்பாங்க. மழைக்கும் அதைப் போட்டுக்கிட்டு ஓட்டக் கூடாது. இன்னொண்ணு, லாரி வலது இண்டிகேட்டர் போட்டா 'ஏறிப் போ'ன்னு நம்ம ஆட்கள் சைடு வாங்குவாங்க இல்லையா, இங்க வலது இண்டிகேட்டருக்கு ஒரே அர்த்தம்தான், அவர் வலது பக்கம் வரப் போறார். அந்த நேரம் பார்த்து நீங்க முந்தினா நேரே அவர் மேலதான் போய் ஏறுவீங்க.

ரவுண்டானா. வண்ணாரப்பேட்டையில உள்ள கணக்கு, முன் சக்கரம் யாருது முதல்ல நுழையுதோ அவங்களுக்கு வழி. இங்க வலது பக்கத்துல இருந்து வர்றவருக்கு விடணும், அவ்வளவுதான். அங்க யாரும் இல்லேன்னா நிக்கவே வேண்டாம், வேகத்தைக் குறைச்சு அப்படியே உள்ள போயிரணும். உங்களுக்கு ஹாரன் அடிச்சது அதுக்காகத்தான் இருக்கும். காலியா இருக்கிற ரவுண்டானாவுல மரியாதைக்கு நிக்கிறதை இங்க தயக்கம்னு எழுதுவாங்க, ஓட்டுநர் தேர்விலயும் அது ஒரு பிழை. இடது பக்கம் முதல் வழியில வெளியேறணும்னா நுழையும்போதே இடது இண்டிகேட்டர். நேராப் போகணும்னா நுழையும்போது எதுவும் வேண்டாம், உங்க வழிக்கு முந்தின வழியைத் தாண்டினதும் இடது போடுங்க. வலது பக்கம் போகணும்னா நுழையும்போது வலது, பிறகு அதே மாதிரி கடைசியில இடது. அந்தக் கடைசி இடதைப் போடாம விடுறவங்க நம்ம ஆட்கள்ல நிறைய. அது இல்லேன்னா அடுத்த வாசல்ல காத்திருக்கிறவருக்கு நீங்க வெளியேறுறீங்களா சுத்துறீங்களான்னு தெரியாது. தரையில வெள்ளை வட்டம் மட்டும் வரைஞ்ச குட்டி ரவுண்டானாவும் உண்டு. அதுக்கும் அதே விதிதான், வட்டத்து மேல ஏறிக் குறுக்கே ஓடாம சுத்திப் போகணும்.

சிக்னல்ல ஃப்ரீ லெப்ட் இங்க கிடையாது. இடது பக்கம் காலியாவே இருந்தாலும் சிவப்புன்னா நிக்கணும். பச்சை அம்புக்குறி தனியா எரிஞ்சா மட்டும் திரும்பலாம். மஞ்சள் கட்டம் போட்ட சந்திப்புல, வெளியே போற வழி காலியா இருந்தாத்தான் உள்ள நுழையணும். எதிர் வண்டிக்காக வலது பக்கம் திரும்பக் காத்திருக்கிறப்போ மட்டும் கட்டத்துக்குள்ள நிக்கலாம்.

குடியிருப்புத் தெருக்கள்ல ரெண்டு ஓரமும் கார் நிறுத்தி, நடுவுல ஒரு வண்டி போற அகலம்தான் இருக்கும். மேலப்பாளையம் தெருவுல ஓட்டினவங்களுக்கு அகலம் ஒரு பொருட்டே இல்லை. ஆனா யாரு நிக்கணும்னு கேட்டா, நிறுத்தின வண்டி யாரு பக்கம் இருக்கோ அவர்தான் நிக்கணும். ரெண்டு பக்கமும் இருந்தா, ஒதுங்க இடம் யாருக்குக் கிட்டத்துல இருக்கோ அவர் ஒதுங்குறது வழக்கம். கடந்து போகும்போது ஸ்டியரிங்கை விடாம நாலு விரலைத் தூக்கிக் காட்டுங்க, அதுதான் நன்றி. வேக அளவெல்லாம் மைல். பலகையில 30ன்னா நம்ம கணக்குல 48 கிலோமீட்டர், 20ன்னா 32. வேல்ஸ்ல 2023 செப்டம்பர்ல இருந்து தெருவிளக்கு உள்ள குடியிருப்புச் சாலைகளுக்குப் பொதுவா 20 மைல்னு குறைச்சிருக்காங்க. விதிப் புத்தகம் போடுற கணக்குப்படி 20 மைல் வேகத்துல வண்டி நிக்க 12 மீட்டர் ஆகும், 30 மைல்னா 23 மீட்டர். வேகம் ஒண்ணரை மடங்கு கூடினா நிக்கிற தூரம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. பந்து பின்னாடி ஓடி வர்ற பிள்ளைக்கு அந்த 11 மீட்டர்தான் உயிர்.

இனி நடக்கிறவங்க விஷயம். இதை நல்லாக் கவனிச்சுக் கேளுங்க தம்பி, நீங்க கார்ல இருக்கிற நேரத்தை விட பிள்ளையோட நடக்கிற நேரம்தான் கூட.

கறுப்பு வெள்ளைக் கம்பத்து மேல ஆரஞ்சு உருண்டை மின்னுற இடம் ஜீப்ரா கிராஸிங். அங்க சிக்னல் கிடையாது. நீங்க கோட்டுல கால் வச்சுட்டா வண்டிக்காரர் வழி விட்டே ஆகணும், அது சட்டம். விடலேன்னா லைசென்ஸ்ல 3 தண்டனைப் புள்ளி ஏறும். ஓரத்துல காத்து நிக்கிறப்பவும் வழி விடணும்னு விதி சொல்லுது, ஆனா அதுக்குச் சட்டத்தோட அழுத்தம் இல்லை. இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் நீங்க முழிக்கிறது. பிள்ளை கையைப் பிடிச்சுக்கிட்டு விளிம்புல நில்லுங்க, வலது பக்கம் வர்ற ஓட்டுநரைக் கண்ணால பாருங்க, வண்டி வேகம் குறையுதான்னு பாருங்க, குறைஞ்சதும் கால் வையுங்க. பாதியில இடது பக்கமும் பாருங்க. நடுவுல திட்டு இருந்தா அது ரெண்டு தனித்தனி கிராஸிங், திட்டுல நின்னு மறுபடி பார்க்கணும். நம்ம ஊர்ல கையை நீட்டிக்கிட்டே ஓடுற ஓட்டம் இங்க வேண்டாம். நடந்தே போங்க.

ஜீப்ராவுக்கு முன்னும் பின்னும் தரையில வளைவு வளைவா வெள்ளைக் கோடு ஓடும். அதுக்குள்ள வண்டியை நிறுத்தக் கூடாது, முன்னால போற வண்டியை முந்தக் கூடாது. முன்னாடி ஒரு கார் சும்மா நிக்குன்னு நினைச்சு அதைத் தாண்டுறீங்க, அது பிள்ளைக்காக நின்ன கார். பிள்ளை அந்தக் கார் மறைவுல இருந்து வெளியே வருது. ஊர்ல பஸ் நிக்கும்போது அதுக்கு முன்னால ரோட்டைக் கடக்கிறவங்க அடிபடுறதும் இப்படித்தான்.

பட்டன் உள்ள கிராஸிங்ல பட்டனை அமுக்கிட்டுப் பச்சை ஆளுக்காகக் காத்திருங்க. சில இடத்துல அந்தப் பச்சை ஆள் எதிர்ப்பக்கம் எரியாது, பட்டன் பெட்டியிலயே எரியும், எதிரே பார்த்துக்கிட்டே நின்னா தவறவிட்டுருவீங்க. பெட்டிக்கு அடியில சின்னதா ஒரு கூம்பு இருக்கும், பச்சை வந்தா அது சுத்தும். கண் தெரியாதவங்க விரல் வச்சுத் தெரிஞ்சுக்கத்தான் அது. இதை முதல்ல பிள்ளைக்குக் காட்டிக் குடுங்க, ஆசையா நிப்பான். ஓடாம நிக்க அதுவே ஒரு பழக்கம் ஆயிரும்.

2022 ஜனவரி 29-ல இருந்து விதிப் புத்தகத்துல ஒரு பெரிய மாற்றம். ரோட்டுல யாருக்கு அடி அதிகம் படுமோ அவங்களைக் காக்குற பொறுப்பு பெரிய வண்டிக்காரருக்கு அதிகம்னு வரிசையே போட்டுட்டாங்க. அதுபடி, நீங்க காரை ஒரு கிளை ரோட்டுக்குள்ள திருப்பும்போது, அந்த ரோட்டைக் கடக்கிறவங்களுக்கு மட்டும் இல்லை, கடக்கக் காத்து நிக்கிறவங்களுக்கும் வழி விடணும். கார்ல இருந்தா இதைத் தவறாம செய்யுங்க. நடக்கும்போது இதை நம்பி இறங்காதீங்க. பழைய விதியைப் படிச்சு லைசென்ஸ் வாங்கினவங்க பல பேருக்கு இது இன்னும் மனசுல ஏறலை.

நீங்க காரை நிப்பாட்டி வழி விடும்போது, 'வாங்க, வாங்க'ன்னு கை காட்டிக் கூப்பிடாதீங்க. நல்ல மனசோட செய்றதுதான். ஆனா உங்க கையை நம்பி, கடக்க நிக்கிற ஆச்சி இறங்குவாங்க, பக்கத்து வரிசையில வர்றவர் உங்க கையைப் பார்க்கலை. நின்னா மட்டும் போதும், அவங்களே ரெண்டு பக்கமும் பார்த்து வருவாங்க. வெள்ளைக் கோல்ல சிவப்பு வளையம் இருந்தா அவங்களுக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. முழுசா நின்னு, அவங்க மறுபக்க நடைபாதையில ஏறின பிறகு கிளம்புங்க. பள்ளிக்கூட வாசல்ல வட்டப் பலகைக் கம்போட நிக்கிறவர் அதை நீட்டினா, நிக்கிறது சட்டப்படி கட்டாயம்.

சைக்கிளைத் தாண்டும்போது 30 மைல் வரைக்கும் குறைஞ்சது ஒண்ணரை மீட்டர் இடம் விடணும். விட இடம் இல்லேன்னா பின்னாடியே போங்க. குதிரை வந்தா 10 மைலுக்குக் குறைச்சு, 2 மீட்டர் தள்ளி.

ஹாரன் ஆபத்தைச் சொல்ல மட்டும். நிக்கிற வண்டியில இருந்து அடிக்கக் கூடாது. குடியிருப்புப் பகுதியில ராத்திரி 11.30-ல இருந்து காலை 7 மணி வரை ஓட்டும்போதும் கூடாது. அடுத்தவரால ஆபத்து வந்தா மட்டும் விலக்கு. மோட்டார்வேயில, அதாவது வேகமாப் போற பெரிய நெடுஞ்சாலையில, முந்தி முடிச்சதும் இடது வரிசைக்கு வந்துரணும். நம்ம நாலுவழிச் சாலையில லாரி வலது வரிசையையே பிடிச்சுக்கிட்டுப் போக, மத்தவங்க இடது பக்கம் முந்துற மாதிரி இங்க செய்யக் கூடாது.

லைசென்ஸ். இந்திய லைசென்ஸை அப்படியே மாத்திக் குடுக்க மாட்டாங்க. இங்க குடிவந்த நாள்ல இருந்து 12 மாசம் அதை வச்சு ஓட்டலாம். கார் இன்சூரன்ஸ் எடுக்கும்போது இந்திய லைசென்ஸ்தான்னு தெளிவாச் சொல்லிரணும், மறைச்சா பாலிசியே செல்லாமப் போகலாம். 12 மாசம் முடிஞ்ச மறுநாள் நீங்க வெறும் பழகுநர். எல் பலகை மாட்டி, 21 வயசு தாண்டின, மூணு வருஷமா லைசென்ஸ் உள்ளவர் பக்கத்துல உட்காரணும். அதனால இப்பவே 34 பவுண்டு கட்டி ஆன்லைன்ல பழகுநர் உரிமத்துக்குப் போடுங்க. பிறகு எழுத்துத் தேர்வு, 23 பவுண்டு. 50 கேள்வியில 43 சரியா இருக்கணும், கூடவே ஆபத்தைக் கண்டுபிடிக்கிற வீடியோத் தேர்வுல 75-க்கு 44. வண்டி ஓட்டிக் காட்டுற தேர்வு வார நாள்ல 62 பவுண்டு. தேதி கிடைக்க மாசக் கணக்காகலாம், எழுத்துத் தேர்வு பாஸான அன்னைக்கே பதிவு செய்யுங்க. ஆட்டோமேட்டிக் கார்ல பாஸ் பண்ணினா கியர் வண்டி ஓட்ட முடியாது, அதை முதல்லயே முடிவு பண்ணிக்கோங்க.

எட்டு வருஷம் ஓட்டினவன்னு நேரே தேர்வுக்குப் போகாதீங்க. 15 சின்னப் பிழை வரை விடுவாங்க, பெரிய பிழை ஒண்ணு வந்தாலும் தோல்விதான். நம்ம ஆட்கள் தோக்கிறது வண்டி ஓட்டத் தெரியாம இல்லை. கண்ணாடி பார்க்காம வரிசை மாறுறது, ஸ்டாப் பலகையில முழுசா நிக்காம உருட்டிக்கிட்டே போறது, கிளட்சை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே திருப்புறது, இதுகள்லதான். உள்ளூர் பயிற்சியாளர்கிட்ட நாலஞ்சு மணி நேரம் ஓட்டிக் காட்டினா எது எதுன்னு அவரே சொல்லிருவார்.

வண்டி ஓட்டும்போது எப்பவுமே போன் மேல கை வைக்கக் கூடாது, பாஸான பிறகு முதல் ரெண்டு வருஷம் இன்னும் கவனம். கையில போனோட பிடிபட்டா 200 பவுண்டும் 6 புள்ளியும். அந்த ரெண்டு வருஷத்துக்குள்ள 6 புள்ளி சேர்ந்தா லைசென்ஸ் ரத்தாகி, பழகுநர் உரிமத்துல இருந்து மறுபடி தொடங்கணும். ஊர்ல இருந்து அம்மா கூப்பிடுறது இங்க பள்ளிக்கூடம் விடுற நேரமாத்தான் இருக்கும், அவங்க ராத்திரிச் சாப்பாட்டை முடிச்சுட்டு உட்கார்ந்திருப்பாங்க. வீட்டுக்கு வந்து நீங்களே கூப்பிடுறதா இப்பவே சொல்லி வச்சிருங்க.