பிரியும் தம்பதியும் கூட்டு வீட்டுக் கடனும்: எழுதிக்கொடுக்கும் முன் வங்கிக் கடிதம்

கேள்வி: 2019-ல் தாம்பரத்தில் நானும் கணவரும் இருவர் பெயரிலும் ஃப்ளாட் வாங்கினோம். வீட்டுக் கடனும் கூட்டாகத்தான். பாக்கி 36 லட்சம். தவணை என் கணக்கிலிருந்து போகிறது. பரஸ்பர சம்மத விவாகரத்து மனு நிலுவையில் இருக்கிறது. "வீட்டையும் கடனையும் நான் எடுத்துக்கொள்கிறேன் என்று மனுவில் எழுதிவிடலாம், உன் பங்கை எழுதிக்கொடு" என்கிறார். இது போதுமா?

பதில்: போதாது. மனுவில் எழுதுவது உங்கள் இருவரைத்தான் கட்டுப்படுத்தும், வங்கியை அல்ல. கூட்டாகக் கடன் வாங்கியவர்களில் யாரிடமிருந்தும் முழுத் தொகையை வசூலிக்க ஒப்பந்தச் சட்டத்தின் 43-வது பிரிவு இடம் தருகிறது. அவர் தவணை தவறினால் உங்கள் சிபில் மதிப்பெண்ணும் சரியும். பங்கை எழுதிக்கொடுத்த பிறகு அப்படி நடந்தால், வீடு உங்களுடையதல்ல, கடன் மட்டும் உங்களுடையது. இந்த நிலைக்கு நீங்கள் போகவே கூடாது.

முதலில் அவர் வங்கியில் உங்கள் பெயரைக் கடனிலிருந்து நீக்க விண்ணப்பிக்கட்டும். அவருடைய சம்பளம் மட்டும் கடனைத் தாங்குமா என்று வங்கி புதிதாகக் கணக்குப் போடும். தாங்காவிட்டால் அவர் தன் தந்தையை இணைக் கடன்தாரராகச் சேர்க்கலாம், அல்லது வேறு வங்கிக்குக் கடனை மாற்றலாம். மாறும் வட்டிக் கடன் என்றால் முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது.

சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் வரும். "விடுதலைப் பத்திரம் கொண்டுவாருங்கள், பிறகு பெயரை நீக்குகிறோம்" என்பார்கள் வங்கியில். உங்கள் பங்கை அவருக்கு விட்டுக்கொடுத்து எழுதும் பத்திரம்தான் அது. உடனே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பத்திரம் பதிவானதும் உங்களைக் கடன் பொறுப்பிலிருந்து விடுவிப்பதாக நிபந்தனை ஒப்புதல் கடிதத்தை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் பங்குத் தொகைக்கான டிமாண்ட் டிராஃப்ட் பதிவு நாளன்றே கைக்கு வர வேண்டும். அதன் எண்ணும் தேதியும் பத்திரத்தில் ஏற வேண்டும்.

பங்கு எவ்வளவு? இன்றைய விலை 84 லட்சம் என்று வைத்துக்கொண்டால், கடன் போக மிச்சம் 48 லட்சம், பாதி 24. கிரயப் பத்திரத்தில் பங்கு குறிப்பிடப்படாமல், நீங்கள் அதிகம் போட்டதற்குச் சான்று இருந்தால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 45-வது பிரிவின்படி அந்த விகிதத்தில் கேட்கலாம். முன்பணத்துக்கும் தவணைக்குமான வங்கி அறிக்கைகளை இப்போதே எடுத்துவையுங்கள்.

பத்திரம் தீர்ப்புக்கு முன்பே பதிவாகிவிடுவது நல்லது. குடும்பத்தாருக்கு இடையிலான விடுதலைப் பத்திரத்துக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 1%, உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1%, உச்சவரம்பு 10,000. விவாகரத்து ஆனபின் நீங்கள் கணவன் மனைவி அல்ல என்பதால் இந்தச் சலுகை போய்விடும். செலவு லட்சக்கணக்கில் ஏறும்.

வங்கி ஒப்புக்கொள்ளவே இல்லையா? விற்பதுதான் சுத்தமான வழி. வாங்குபவர் பாக்கிக் கடனை நேரே வங்கிக்குக் கட்டி, மிச்சத்தை இருவருக்கும் தனித்தனி டிராஃப்டாகத் தரட்டும். அவர் விற்கவும் மறுத்தால் பாகப்பிரிவினை வழக்கு உண்டு. ஃப்ளாட்டை அளந்து பிரிக்க முடியாது என்பதால் நீதிமன்றம் விற்க உத்தரவிடலாம், ஆனால் ஆண்டுகள் ஓடும்.

வங்கியின் விடுவிப்புக் கடிதம் கைக்கு வரும்வரை கோபத்தில் தவணையை நிறுத்திவிடாதீர்கள். அதுவரை நீங்கள் கட்டும் தவணைகளைப் பங்குத் தொகையோடு சேர்த்து அவர் உங்களுக்குத் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.