கை கால் விழாமலும் பக்கவாதம் வரும்

கேள்வி: போன மாதம் என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்தது. வாய் கோணி, வலது கை கால் விழுந்து, பேச்சும் நின்றுவிட்டது. ரிப்போர்ட்டில் ‘லெஃப்ட் எம்.சி.ஏ.’ என்று இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் என் அம்மாவுக்குக் கிறுகிறுப்பு, வாந்தி, நிற்காத விக்கல். எழுந்து நிற்க முடியாமல் இடது பக்கமாகச் சாய்ந்தார். கை காலில் பலம் குறையவில்லை. பித்தம் என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் வேறு இடத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்தபோது அதுவும் பக்கவாதம்தான், இடது ‘பைகா’ என்றார்கள். இன்றும் வலது காலில் வெந்நீர் சுடுவது அவருக்குத் தெரிவதில்லை. ஒரே நோய் இப்படி இரண்டு விதமாக வருமா? இனி வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்? (வாசகி, கும்பகோணம்)

பதில்: நோய் ஒன்றுதான், அடைத்த குழாய் வேறு. காவிரிக்கரைக்காரரான உங்களுக்குச் சொல்வது சுலபம். எந்த வாய்க்கால் அடைத்ததோ அது பாயும் வயல்தான் காயும்.

மூளைக்கு ரத்தம் கழுத்து வழியாக நான்கு குழாய்களில் ஏறுகிறது. தொண்டைக்கு இருபுறமும் கை வைத்தால் துடிக்கிறதே, அவை கரோட்டிட் தமனிகள். பின்னால் கழுத்தெலும்புகளின் பக்கத் துளைகளுக்குள் புகுந்து ஏறுபவை இரண்டு வெர்ட்டிப்ரல் தமனிகள். மண்டைக்குள் போனதும் இவ்விரண்டும் சேர்ந்து பேசிலர் தமனியாகின்றன. முன்பக்க ரத்த வரவையும் பின்பக்க ரத்த வரவையும் மூளைக்கு அடியில் ஒரு வளையம் இணைக்கிறது. 1664-இல் ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் தன் நூலில் விவரித்ததால் அவர் பெயரே அதற்கு நிலைத்தது. (அந்நூலுக்குப் படம் வரைந்தவர் பின்னாளில் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தை வடிவமைத்த கிறிஸ்டோபர் ரென்.) ஒரு பக்கம் அடைத்தாலும் மறுபக்கத்து ரத்தம் வந்து சேர இந்த வளையம் உதவும். ஆனால் படத்தில் இருப்பது போன்ற முழு வளையம் பலருக்கு அமைவதில்லை. எங்காவது ஓர் இணைப்பு நூலாக மெலிந்திருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. ஒரே இடத்து அடைப்பு ஒருவரைப் படுக்கையில் தள்ள, இன்னொருவர் தெரியாமலே கடந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்கள் மாமனாருக்கு அடைத்த எம்.சி.ஏ. என்பது நடுப் பெருமூளைத் தமனி. கரோட்டிட்டிலிருந்து ஏறக்குறைய நேராகப் போகும் பெரிய கிளை என்பதால், இதயத்திலிருந்து கிளம்பும் ரத்தக்கட்டி பெரும்பாலும் இதற்குள்தான் போய் நிற்கும். முகத்தையும் கையையும் ஆட்டுவிக்கும் பகுதிகள் இதன் பாசனத்தில் இருக்கின்றன. அதனால்தான் இந்த நோயாளிகள் பலருக்குக் கால் ஓரளவு தேறி நடக்கத் தொடங்கிய பிறகும் கை பின்தங்கியே இருக்கும். நம்மில் பெரும்பாலோருக்கு மொழி இடப்பக்க மூளையில். எனவே பேச்சும் போகிறது. சிலருக்குப் பேச வரும், நாம் சொல்வது புரியாது. ‘காது மந்தமாகிவிட்டது’ என்று வீட்டார் நினைத்துக்கொள்வார்கள். இதே தமனி வலப்பக்கம் அடைத்தால் பேச்சு பிழைக்கும், ஆனால் இடது உலகமே அவர்களுக்கு இல்லாமல் போகலாம். தட்டில் வலப்பாதிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, இடப்பாதி அப்படியே இருக்க, ‘இன்னும் சாதம் போடு’ என்பார்கள்.

முன் பெருமூளைத் தமனி அடைத்தால் முக்கியமாகக் கால்தான் சோரும். ஒரு காலில் செருப்பு நழுவிப் போனதுகூடத் தெரியாமல் நடந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பின் பெருமூளைத் தமனி அடைத்தால் இரு கண்களிலும் ஒரே பக்கத்துப் பார்வை பாதி மறையும். அவர்கள் நேரே கண்ணாடிக் கடைக்குத்தான் போகிறார்கள்.

இப்போது உங்கள் அம்மா. பைகா, சிறுமூளையின் அடிப்பகுதிக்கும், மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தின் பக்கவாட்டுக்கும் ரத்தம் தரும் குழாய். முகுளம் விரல் பருமன்தான். சமநிலை, விழுங்குதல், குரல் எல்லாம் அந்த ஓரத்தில் நெருங்கிக் கிடக்கின்றன. கை கால்களுக்குப் பலம் தரும் நரம்புப் பாதை முன்பக்க நடுவில் ஓடுவதால் தப்பிவிடுகிறது. சூடும் வலியும் உணரும் பாதையோ, உடம்பின் எதிர்ப்பக்கத்திலிருந்து தண்டுவடத்திலேயே தாண்டி வந்து அந்த ஓரம் வழியாகத்தான் ஏறுகிறது. ஆகவே இடப்பக்கம் அடைக்க, வலது காலில் வெந்நீர் சுடவில்லை. கேட்டுப் பாருங்கள், இடது கன்னத்திலும் சூடு மங்கலாக இருக்கலாம்.

முதல் நாள் அவரை எழுப்பி நாலடி நடக்கச் சொல்லியிருந்தால் அனுப்பியிருக்க மாட்டார்கள். சி.டி. எடுத்திருந்தாலும் அடைப்பு கண்ணில் படாமல் போயிருக்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். பின்மூளையைச் சுற்றித் தடித்த எலும்பு இருப்பதால் அங்குள்ள அடைப்பு அதில் சரியாகத் தெரியாது. ரத்தக்கசிவு உண்டா என்று பார்க்கத்தான் சி.டி. முதலில் எடுக்கப்படுகிறது. அது ‘நார்மல்’ என்று வந்தால் பக்கவாதம் இல்லை என்று அர்த்தமில்லை.

தலைசுற்றும் எல்லோரும் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் காதுதான் காரணம். படுக்கையில் புரளும்போது மட்டும் ஒரு நிமிடத்துக்குள் சுற்றி அடங்குவது அந்த வகை. சுற்றலோடு பிடிமானமில்லாமல் நிற்கவோ உட்காரவோ முடியாவிட்டால், இரண்டிரண்டாகத் தெரிந்தால், நாக்கு குழறினால், தண்ணீர் குடித்தால் புரையேறினால், விக்கல் நிற்காவிட்டால் தாமதிக்காதீர்கள். பேசிலர் அடைப்பும் இப்படித் தொடங்கலாம், சில மணி நேரத்தில் நினைவு தப்பிவிடும்.

வாய் கோணினாலும் கை தொங்கினாலும் பேச்சு மாறினாலும் உடனே 108. கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு அந்த நேரத்திலிருந்து 4.5 மணி நேரம். பெரிய குழாய் அடைத்திருந்தால், தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரை கம்பி நுழைத்துக் கட்டியை எடுக்க முடியும். வழியில் சோடா, காபி, மாத்திரை எதுவும் வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். நீங்களாக ஆஸ்பிரின் கொடுக்க வேண்டாம், கசிவாக இருந்தால் அது கேடு. பி.பி.யைச் சட்டென்று இறக்குவதும் கூடாது.

இன்னொன்று, வீட்டு ஆண்களிடம் சொல்லுங்கள். சலூனில் முடி வெட்டியதும் கழுத்தைத் திருகி நெட்டி முறிக்க விட வேண்டாம். அதில் வெர்ட்டிப்ரல் தமனியின் உட்சுவர் கிழிந்து, அம்மாவுக்கு வந்த இதே பக்கவாதம் இளவயதினருக்கும் வந்திருக்கிறது.

அம்மா குளிக்கும் நீரை இடது கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வலது கைக்கும் சூடு தெரியாது, காலைப் போலவே.