முடியை ரசாயனத்தால் நேராக்கும் ரீபாண்டிங் செய்யப் போன இடத்தில் முடி ஒடிந்துவிட்டது. பார்லர்காரரிடம் இழப்பீடு கேட்க முடியுமா?

கேட்க முடியும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி சேவைக் குறைபாடு என்பதற்குள் கவனக்குறைவும் அடங்கும். பணம் வாங்கிக்கொண்டு நம் தலையில் கிரீம் தடவுகிறவரும் அந்தச் சட்டத்தின் கண்ணில் சேவை வழங்குகிறவர்தான். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், ரீபாண்டிங் செய்து மூன்று வாரம் ஆகிவிட்டது, கையில் பில் இல்லை, இலவசமாக ஹேர் ஸ்பா செய்து தருவதாகக் கடைக்காரர் சமாதானம் பேசுகிறார், வருகிற ஞாயிற்றுக்கிழமை முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிவிடலாம் என்று நீங்கள் இருக்கிறீர்கள். சட்டம் உங்களுக்குத் துணையாகத்தான் இருக்கிறது. சாட்சியம்தான் கைநழுவிக்கொண்டிருக்கிறது. எனக்கும் அங்கேதான் இடறியது. நான் வழக்கறிஞர் அல்ல. இப்படி ஒரு வழக்கைத் தனியாக நடத்தி முடித்தவள் என்ற அளவில் சொல்கிறேன்.

2022 ஜூன் மாதம், கோவையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பியின் திருமணத்துக்குப் பதினொரு நாள் இருந்தது. இடுப்புக்குக் கீழே தொங்கும் சுருள்முடியை நேராக்கிக்கொள்ளலாம் என்று, தங்கியிருந்த விடுதிக்கு அருகில் இருந்த பார்லருக்குப் போனேன். 4,500 ரூபாய். "சுருட்டை முடியும் ஓர் அழகுதானே, ஆசைப்பட்டால் இப்படித்தான்" என்று இந்த இடத்திலேயே பின்னூட்டம் எழுதத் தொடங்குகிறவர்கள் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஆசைப்பட்டது என் விருப்பம். அதற்குக் காசும் கொடுத்தேன். காசுக்குரிய கவனத்தை அவர்கள் கொடுத்தார்களா என்பதுதான் வழக்கு.

முடியின் உறுதி, அதிலுள்ள கெரட்டின் புரதத்தின் கந்தகப் பிணைப்புகளைப் பொறுத்தது. ரீபாண்டிங் கிரீம் அந்தப் பிணைப்புகளை உடைக்கும். முடியை இஸ்திரி போல இழுத்து நேராக்கிய பின் நியூட்ரலைசர் தடவினால் அவை புதிய வடிவத்தில் மறுபடி சேரும். எனவே கிரீம் எத்தனை நிமிடம் தலையில் இருக்கிறது என்பதில்தான் மொத்த வேலையும் அடங்கியிருக்கிறது. எனக்குக் கிரீம் தடவிய பெண்ணை, மணப்பெண் அலங்காரத்துக்கு ஆள் போதவில்லை என்று மாடிக்கு அழைத்துவிட்டார்கள். அவர் திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. உச்சந்தலை எரிகிறது என்று இரண்டு முறை சொன்னேன். "அப்படித்தான்க்கா இருக்கும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்றது வரவேற்பில் இருந்த பெண். கழுவும்போது முடி ரப்பர் போல இழுபட்டது. இஸ்திரிக் கருவியை வைத்ததும் காதுக்கு மேலே ஒரு கொத்து அப்படியே கையோடு வந்தது. அதன் பிறகும் அவர்கள் நிறுத்தவில்லை. இதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

என் பக்கத்துத் தவற்றையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு இரண்டு மாதம் முன்பு, கடையில் கிடைக்கும் கருப்பு மருதாணிப் பொட்டலம் ஒன்றைப் பூசியிருந்தேன். பெயர்தான் மருதாணி, அசல் மருதாணி செந்நிறம் தரும், கருப்பு என்றால் அதில் சாயம் கலந்திருக்கிறது என்று பொருள். அது எனக்கு அப்போது தெரியாது. எதிர்தரப்பு பதிலுரையில் முதல் வரியே அதுதான்: மனுதாரர் சாயம் பூசியதை மறைத்துவிட்டார். நான் மறைக்கவில்லை, யாரும் கேட்கவில்லை. அந்தக் கிரீம் பெட்டிக்குள் இருந்த துண்டுப்பிரசுரத்திலேயே, முன்பு சாயமோ வேறு ரசாயனமோ பூசியிருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும், ஒரு சிறு கற்றையில் சோதித்துப் பார்த்த பிறகே முழுத் தலைக்கும் தடவ வேண்டும் என்று அச்சிட்டிருந்தது. மறுநாள் சண்டை போடப் போனபோது மேசை மேல் கிடந்த அந்தத் தாளை, ஏதோ கோபத்தில், கைபேசியில் படம் எடுத்து வைத்தேன். வழக்கில் என்னைக் காப்பாற்றிய ஒரே புத்திசாலித்தனம் அது. ரசாயனத்தைக் கையில் எடுப்பவருக்கே கேட்கும் கடமை உண்டு என்று பின்னர் வழக்கை விசாரித்த நுகர்வோர் ஆணையம் சொன்னது அந்தப் படத்தை வைத்துத்தான்.

அடுத்தது மருத்துவர் சீட்டு. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலோர் இங்கேதான் தோற்கிறார்கள் என்று நினைக்கிறேன். நான் முதலில் காட்டிய மருத்துவர் ஓ.பி. சீட்டில் "முடி உதிர்வு" என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். முடி உதிர்வுக்கு ஆயிரம் காரணம் உண்டு: இரத்தசோகை, தைராய்டு, காய்ச்சல், பிரசவம். எதிர்தரப்பு வழக்கறிஞர் அத்தனையையும் அடுக்கினார். எனக்கு நேர்ந்ததோ உதிர்வு அல்ல, ஒடிதல். உதிரும் முடியில் பெரும்பாலும் வேர்க்குமிழ் வெண்புள்ளி போலத் தெரியும். ஒடிந்த முடியில் அது இருக்காது, முனை பிரிந்து துடைப்பம் போல இருக்கும். நல்லவேளையாக நான்காம் நாளே ஊரில் ஒரு தோல் மருத்துவரிடம் என் அம்மா இழுத்துக்கொண்டு போயிருந்தார். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, உச்சந்தலையில் ரசாயனப் புண், முடித்தண்டு ஒடிவு என்று அளவோடும் தேதியோடும் எழுதியிருந்தார். அந்த ஒற்றைத் தாள் இல்லாவிட்டால் எனக்குத் தைராய்டு என்றே தீர்ப்பு வந்திருக்கும்.

பில் எனக்கும் இல்லை. உரிமையாளரின் சொந்த எண்ணுக்கு ஜிபேயில் அனுப்பியிருந்தேன். அந்தப் பரிவர்த்தனைப் பதிவையும், "சாரி மேடம், ஃப்ரீயா மூணு ஸ்பா பண்ணித் தர்றோம்" என்று அவர் அனுப்பிய வாட்ஸப் செய்தியையும் சேர்த்து வைத்தேன். சேவை நடந்ததே இல்லை என்று மறுக்க வந்தவர்களுக்கு அந்த மன்னிப்பே எதிரான சாட்சியாயிற்று. ஆகவே உங்களிடம் சமாதானம் பேசும் செய்திகளை அழித்துவிடாதீர்கள், தொலைபேசியில் பேசினால் பேசியதை எழுத்தில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், ஸ்பாவுக்குப் போய் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஒன்று கவனிக்க வேண்டும்: முற்றிலும் இலவசமாகச் செய்யப்பட்ட சேவைக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. பயிற்சி நிலையத்தில் மாதிரியாக உட்கார்ந்தவர்கள் உரிமையியல் நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும்.

வழக்கு நடைமுறை நீங்கள் அஞ்சும் அளவுக்குக் கடினமல்ல. சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுக்குள் மனுக் கொடுக்க வேண்டும். நாம் கொடுத்த கட்டணம் 50 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. 2019 சட்டம் வந்த பிறகு நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பதால், கோவையில் நடந்ததற்கு நான் திருமணமாகி வந்த ஊரிலேயே மனுக் கொடுத்தேன். அதற்கு முன் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முதலில் புகார் சொல்லலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை; நான் வைத்துக்கொள்ளவில்லை. மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எனக்கு வாய்தா மேல் வாய்தாவாகப் பத்தொன்பது மாதம் ஆயிற்று, ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் சம்பளம் போயிற்று. அந்தச் சம்பளத்தையும் கணக்கில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு கேட்பது என்பதற்கு வருகிறேன். டெல்லியில் ஐந்து நட்சத்திர விடுதிச் சலூன் ஒன்றில் 2018-இல் சொன்னதைவிடக் குட்டையாக முடி வெட்டப்பட்டதற்கு, 2021-இல் தேசிய ஆணையம் இரண்டு கோடி ரூபாய் வழங்கச் சொன்ன செய்தியைப் படித்துவிட்டுப் பலர் கோடிக் கனவோடு வருகிறார்கள். சேவைக் குறைபாடு நடந்தது என்பதில் உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் தலையிடவில்லை. ஆனால் அவ்வளவு பெரிய தொகைக்கு ஆதாரம் எங்கே என்று கேட்டு, தொகையை ரத்துசெய்து, மறுபடி விசாரிக்க அனுப்பியது. அந்த வழக்கைத் தொடுத்த பெண் முடிப் பராமரிப்புப் பொருள்களின் விளம்பரங்களில் மாடலாக இருந்தவர். நானோ கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள். என் முடிக்கும் சம்பளத்துக்கும் தொடர்பில்லை. ஆகவே கட்டணம், மருத்துவச் செலவு, மருந்து, திருமணத்துக்கு அவசரமாக வாங்கிய சவுரி, விடுப்பு நாள்கள் எல்லாவற்றையும் ரசீதோடு கூட்டினேன்; 23,000 ரூபாய் சொச்சம் வந்தது. மன உளைச்சலுக்கு இரண்டு லட்சம் சேர்த்துக் கேட்டேன். கிடைத்தது கட்டணமும் செலவும் போக மன உளைச்சலுக்கு 30,000, வழக்குச் செலவுக்கு 5,000. சாயம் பூசியதை நானாகச் சொல்லியிருக்கலாம் என்று ஒரு வரி எழுதித்தான் குறைத்தார்கள். அந்த வரி இன்னும் உறுத்துகிறது, ஆனால் அது முழுக்கத் தவறு என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

"முடிதானே, வளர்ந்துவிடும்" என்று எதிர்தரப்பு வழக்கறிஞரும் சொன்னார், என் பெரியம்மாவும் சொன்னார். வளரும்; மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். எனக்குப் போனது அறுபது சென்டிமீட்டருக்கு மேல், அதாவது ஐந்து வருடம். "பழனிக்கு மொட்டை போட்டதா நினைச்சுக்கோ" என்று மாமியார் ஆறுதல் சொன்னபோது மட்டும் சிரித்துவிட்டேன். முருகனுக்கு நேர்ந்துகொண்டிருந்தால் நானாகக் கொடுத்திருப்பேன், அவனும் என்னிடம் 4,500 ரூபாய் கேட்டிருக்க மாட்டான். முடிக்கு என்ன விலை என்று கேட்பவர்கள், திருமலையில் பக்தர்கள் காணிக்கையாகக் கொடுத்த முடி எவ்வளவுக்கு ஏலம் போகிறது என்று ஒருமுறை விசாரித்துப் பார்க்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வெட்டப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அதைத் தள்ளிப் போடுங்கள். வெட்டுவதற்கு முன்பே தோல் மருத்துவரிடம் தலையைக் காட்டி, உதிர்வா ஒடிவா என்று தெளிவாக எழுதி வாங்குங்கள். பகல் வெளிச்சத்தில் முன்னும் பின்னும், அருகே ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். சீப்பில் வரும் துண்டுகளைக் குப்பையில் போடாமல், தேதி எழுதிய உறையில் போட்டு வையுங்கள். அதன் பிறகு கழுத்தளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். அந்த முடிதிருத்தகத்தில் மறக்காமல் பில் கேட்டு வாங்குங்கள்.