மகள் மொழியியல் படிக்கப் போகிறா என்றால்

அம்மா,

மகள் உயர்தரக் கலைப்பிரிவில் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி நன்றாக எடுத்தும் சட்டம் வேண்டாம், மொழியியல்தான் படிப்பன் என்று நிற்கிறா என்றும், "இதைப் படிச்சு கடைசியில தமிழ் ரீச்சர் தானே" என்றும் எழுதியிருந்தீர்கள். பயம் நியாயம்தான். ஆனால் பயப்பட வேண்டிய இடம் வேறு.

மொழியியல் என்பது நன்னூல் சூத்திரத்தைப் பாடமாக்குவதில்லை. நாலு மொழி கதைக்கப் பழகுவதுமில்லை. கண், சங்கு, மகன் என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எழுத்தில் மூன்றிலும் ககரம்தான். காதுக்கோ, சொல்லின் முதலில் வருவது அழுத்தமாகக் கேட்கும், மெல்லினத்துக்குப் பின்னால் வருவது தொண்டை அதிர வரும், இரண்டு உயிருக்கு நடுவில் அகப்பட்டது தேய்ந்து மூச்சாகிவிடும். இதை உங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. பக்கத்து வீட்டு மூன்று வயதுப் பிள்ளையும் பிசகாமல் சொல்லும். எல்லாரும் அறியாமலே கைக்கொள்கிற இந்த ஒழுங்குகளை ஒலி, சொல், வாக்கியம், பொருள் என்று பிரித்துக் கண்டுபிடிப்பதுதான் பாடம்.

இதை மகளிடமும் சொல்லிப் பாருங்கள். "அப்ப பக்கம் எண்டதில ஏன் தேயேல்ல?" என்று அவவே திருப்பிக் கேட்டால் யோசிக்காமல் படிக்க விடுங்கள், பிள்ளைக்கு இந்தப் படிப்பு சரிவரும். (இரட்டித்த ககரம் தேயாது.) தமிழில் விருப்பம், கவிதை எழுதுவா என்பது மட்டும் காரணமென்றால் தமிழ்த்துறைதான் பொருத்தம்.

யாழ் பல்கலைக்கழகத்திலும் களனியிலும் இதைப் படிக்கலாம். எங்கள் யாழ்ப்பாணப் பேச்சுத்தமிழைப் பேராசிரியர் சுசீந்திரராசா இந்தக் கண்ணால்தான் ஆராய்ந்தார். யாழ்ப்பாணச் சமூகத்தில் சாதியும் மொழியும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்றும் எழுதினார். சிலருக்கு அது இன்றும் கசக்கும்.

இனி வேலை. மொழியியல் பட்டத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தால் உங்கள் பயம் பலிக்கக்கூடும். கூட இன்னொன்று வேண்டும், அதை முதலாம் வருடத்திலேயே தொடங்க வேண்டும்.

என்னைக் கேட்டால் முதலில் சிங்களம். 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது. ஆனால் திணைக்களக் கடிதம் இன்றும் சிங்களத்தில் வந்து, அதை வாசிக்க ஆள் தேடி அலைகிற வீடுகள் இங்கே எத்தனை என்று உங்களுக்கே தெரியும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் எழுத வல்ல மொழிபெயர்ப்பாளருக்கு அரச திணைக்களத்திலும் நீதிமன்றத்திலும் தொண்டு நிறுவனங்களிலும் இடமுண்டு. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராகப் பதிந்தால் வீட்டிலிருந்தும் உழைக்கலாம்.

கணக்குப் பயமில்லாத பிள்ளை என்றால் புள்ளிவிபரவியலும் பைத்தன் நிரலாக்கமும். கைபேசிக்கு "நான் பிறகு வாறன்" என்று சொல்லி எழுதவிட்டுப் பாருங்கள், சிலவேளை என்னவோ எழுதி வைக்கும். எங்கள் பேச்சைப் பதிந்து, எழுத்தாக்கி, பகுத்துக் கொடுத்தால்தான் இயந்திரம் அதைப் பழகும். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கும் சிங்களத்துக்கும் இந்த ஆராய்ச்சி நடக்கிறது. பொறியியலாளர்கள் நிரலை எழுதுவார்கள், ஆனால் வாறன், வாறம், வருகினம் என்று வினை எப்படி மாறுகிறது என்று சொல்ல ஒரு மொழியியலாளர் வேண்டும்.

பேச்சுச் சிகிச்சையாளராக வரலாம் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அது வேறு வாசல். களனிப் பல்கலைக்கழகத்தின் றாகம மருத்துவ பீடத்தில் நடக்கிற நான்கு வருடப் படிப்பு அது. கலைப்பீடத்தில் மொழியியல் படித்துவிட்டு அந்த வேலைக்குப் போகலாம் என்று நம்பியிருக்க வேண்டாம்.

விண்ணப்பம் நிரப்ப முதல் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டை மகளோடு இருந்து வாசியுங்கள். அனுமதிக் கடிதம் வந்து விரிவுரை தொடங்கும் வரைக்கும் பிள்ளை வீட்டில் சும்மாதானே இருப்பா, இப்பவே ஒரு சிங்கள வகுப்பில் சேர்த்துவிடுங்கள்.